எங்களுக்கும் சோலைவரி போடுங்கோ

உள்ளூராட்சிச் சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு பிரதேச சபையின் முற்றத்தில் புத்தம் புதிய அம்புலன்ஸ் நிற்கிறது. முன்கண்ணாடிக்குக் குறுக்கே மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் யாரோ ஒருவருடைய தாயின் பெயர். "வெளிநாட்டு அண்ணை ஒராள் தந்தவர் மிஸ். சபைக்கு ஒரு சதம் செலவில்லை. ஆசீர்வதியுங்கோ" என்று கீழே எழுதியிருந்தது. நான் ஆசீர்வதிக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியையும் ஆறவிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

படம் அனுப்பிய பிள்ளையோடு எனக்குக் கோபமில்லை. "ஒரு சதம் செலவில்லை" என்ற அந்தக் கதையோடுதான் கோபம். அதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒரு கைக்குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்றால் மனிதருக்குக் கோபம் தணியும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டுமென்றும் நான் நினைக்கவில்லை.

நான் கடைசியாகச் செயலாளராக இருந்த சபை யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் வடக்குக் கரையோரம். பெயர் சொல்லமாட்டேன். அதில் இருந்தவர்கள் இன்னும் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் சுகம் விசாரிக்கிறார்கள். சபையின் தெற்குப் பக்கம் செம்மண் ஊர்கள். வெங்காயம், புகையிலை, நல்ல தண்ணீர்க் கிணறுகள், ஆள் உயர மதில்கள். வீடுகளில் அரைவாசி பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். வடக்குப் பக்கம் கடற்கரை, கடற்றொழில் செய்கிற குடும்பங்கள். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் தள்ளிவிட்டு, மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்தில் இரண்டறை வீடு கட்டிக்கொண்டவர்கள். அங்கே எந்தக் கிணற்றை இறைத்தாலும் உவர். அந்தத் தண்ணீரில் குளித்தால் தலைமயிர் கயிறாகத் திரண்டுபோகும், குடிக்கவே முடியாது.

ஆகவே சபையின் ட்ராக்டர் ஒரு பழைய தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு கரைக்குப் போய்வரும். அதைத்தான் பவுசர் என்போம். அந்தச் சனம் குடித்ததும், பால்மா கரைத்ததும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைத்ததும் அந்தத் தண்ணீரில்தான். ஒரு வருடம் மழை பொய்த்தது. அதே வருடம் தாங்கியின் அடித்தகடு கழன்று விழுந்தது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிய தாங்கி, இனி ஒட்டுவதற்கு அதில் இரும்பே மிச்சமில்லை என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார்.

புதிய பவுசர் வாங்கவேண்டும், அது தினமும் ஓடவேண்டும். அதற்குச் சபைக்கு நிரந்தரமான வருமானம் வேண்டும். எங்கள் சபைகளுக்கு நிரந்தர வருமானம் என்றால் முதலில் சோலைவரிதான், அதாவது வீடு வளவுகளின் பெறுமதியைப் பார்த்துச் சபை அறவிடுகிற வரி. எங்கள் சபையில் அந்தப் பெறுமதியை மதித்தது போருக்கு முன். கொட்டில் இருந்த வளவில் மாடிவீடு எழும்பி, அதற்குப் பளிங்குத் தரையும் போட்டாயிற்று. வரி மட்டும் இன்னும் அந்தக் கொட்டிலுக்கே வந்துகொண்டிருந்தது. புதிதாக மதிப்பிட வேண்டும் என்று நான் ஒரு பிரேரணை தயாரித்துச் சபைத் தலைவரான தவிசாளரிடம் கொடுத்தேன். தவிசாளர் நல்லவர். ஆனால் எவருடைய முகமும் கோணக்கூடாது என்று நினைக்கிற நல்லவர். அந்த வகை நல்லவர்களிடம் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும்.

அந்தப் பிரேரணை விவாதத்துக்கு வந்த நாள் எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்க வைக்கிற நாள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் உறுப்பினராக இருந்தார். சபையில் எல்லோரும் அவரை அதிபர் என்றே கூப்பிடுவோம். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல், ஒலிவாங்கி தேவைப்படாத மனிதர். அவர் எழும்பினார்.

"போத்துக்கேயன் வந்தான், எங்களைக் கசக்கிப் பிழிஞ்சான். ஒல்லாந்தன் வந்தான், தலைக்கு வரி போட்டான், கூலியில்லாமல் ஊழியம் செய்விச்சான். வெள்ளைக்காரன் வந்தான், எங்கடை வளவுக்கே எங்களிட்டைக் காசு கேட்டான். குடுத்துக் குடுத்துக் கூனிப்போன சனம் எங்கடை சனம். இண்டைக்கு எங்கடை பிள்ளையளே எங்களுக்கு வரி கூட்டுறதோ? உந்தப் பிரேரணை வெள்ளைக்காரன்ரை புத்தியிலை எழுதினது!"

மேசை தட்டினார்கள். பார்வையாளர் உட்காரும் வாங்குகளில் இருந்த தெற்குப் பக்கத்துச் சனமும் கைதட்டியது. அப்போது கரையில் இருந்து வந்த ஒரே உறுப்பினர் எழும்பினார். சறோஜினிதேவி, எல்லோருக்கும் சறோ. பெண்களுக்கான ஒதுக்கீட்டில் சபைக்கு வந்தவர். மீன் கூறி விற்று வளர்ந்த குரல் அவருடையது. அதிபரின் கணீருக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

"அதிபர் ஐயா, சரித்திரம் நல்லாயிருக்கு. எங்களுக்குத் தண்ணிக்கு என்ன வழி?"

அதிபர் சிரித்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி, வரி கட்டாத சனத்துக்கு, வரி கட்டுறவன்ரை காசிலை எவ்வளவு காலத்துக்குத்தான் தண்ணி ஊத்துறது?"

பிள்ளைகள், அந்தப் பதிலை ஒருமுறை ஆற அமர யோசியுங்கள். வரி என்பது கொடுமை என்று இப்போதுதான் தொண்டை கிழியப் பேசினார். அடுத்த மூச்சில், வரி கட்டாதது குற்றம் என்கிறார். கரைச் சனம் ஏன் கட்டவில்லை? கட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. சோலைவரி அறவிடுகிற எல்லை தெற்கு ஊர்களோடு நின்றுவிடும். அந்தக் கோட்டைக் கீறியது அதே வெள்ளைக்காரன்தான். அவனுடைய வரியை ஏசிய அதிபர், அவன் கீறிய கோட்டை மட்டும் சாமிப்படம் போல் பத்திரமாக வைத்திருந்தார்.

இந்தப் போத்துக்கேயன் கதையை நீங்களும் உங்கள் சபைகளில் கேட்பீர்கள். கேட்டுவிட்டு வாயடைத்துப்போய் இருக்காதீர்கள். வெள்ளைக்காரன் வரி வாங்கினான் என்பது உண்மை. ஆனால் எங்களுக்கு நடந்த பெரிய அநியாயம், வாங்கிய வரிக்கு அவனிடம் ஒரு கேள்வி கேட்க எங்களுக்கு வாயில்லாமல் இருந்ததுதான். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினால் அது துரையின் இரக்கம், ஊற்றாவிட்டால் அது துரையின் விருப்பம். எங்கள் காசிலேயே எங்களுக்குத் தர்மம் செய்தான், நாங்கள் கும்பிட்டு வாங்கினோம். வரியைக் குறைத்துவிட்டால் இந்த அநியாயம் தீர்ந்துவிடுமா? தீராது. கேள்வி கேட்கிற வாய் வந்தால்தான் தீரும். அதிபருக்கு இது விளங்காமல் இல்லை, அவர் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்தவர். அவருக்குத் தெற்குப் பக்கம் மூன்று வளவு இருந்தது.

பிரேரணையைத் தவிசாளர் மீளப்பெற்றுக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துச் செய்வம் மிஸ்" என்றார். பொறுக்கச் சொல்வது யார், தாகத்தோடு பொறுப்பது யார் என்று நான் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவில் இருந்து தொலைபேசி வந்தது. எங்கள் பகுதியைச் சேர்ந்தவர், அங்கே வியாபாரம் செய்கிறவர், தாயின் நினைவாகப் பவுசர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். லொறியிலேயே பூட்டிய புதுப் பவுசர், சாரதியின் சம்பளமும் டீசலும் அவர் பொறுப்பு. தவிசாளருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "பாத்தீங்களோ மிஸ், சபைக்கு ஒரு சதம் செலவில்லை" என்று என்னிடம் ஓடிவந்து சொன்னார்.

"வண்டி யாற்றை பேரிலை பதிவு?" என்று கேட்டேன்.

"அவற்றை அறக்கட்டளையின்ரை பேரிலை. மச்சான்காரர்தான் பாக்கிறார். உதெல்லாம் கேட்டு அந்த மனிசனைக் குழப்பிப்போடாதேங்கோ."

வண்டி வந்தது. மேளம், மாலை, பொன்னாடை. அதிபர்தான் வாழ்த்துரை. வரி கூட்டாமலே எங்கள் சனத்தைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் கடல்கடந்தும் இருக்கிறார்கள் என்று பேசினார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும் கண் கலங்காததால் அன்றைக்கு நான் கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டேன்.

முதலில் தண்ணீர் ஒழுங்காக ஓடியது, அதை நான் மறைக்கப்போவதில்லை. பிறகு ஒரு வழக்கம் தொடங்கியது. அறக்கட்டளையைப் பார்க்கிற மச்சான்காரர் பவுசரோடு கரைக்குப் போவார், கைத்தொலைபேசியை நீட்டுவார், தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று நன்றி சொல்லவேண்டும். அதை முகநூலில் போடுவார். ரொறன்ரோவில் பார்ப்பார்கள், கீழே கும்பிடுகிற கைகளாகப் போடுவார்கள். நன்றி சொல்லி முடிந்த பிறகுதான் குழாய் திறக்கும்.

ஒரு நாள் சறோவின் மகள் வதனியின் முறை வந்தது. பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வாளி. குனிந்த தலையோடு "நன்றி அண்ணை" என்றாள். மச்சான்காரர் படம் எடுப்பதை நிறுத்தினார். "சத்தம் காணாது பிள்ளை. நிமிந்து பாத்துச் சத்தமாச் சொல்லும். பிள்ளையின்ரை கையையும் கூப்பிப் பிடியும்" என்றார். வதனி வாளியைக் கீழே வைத்தாள். குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

சறோ அந்த நேரம் பார்த்து மீன்சந்தையில் இருந்து வந்திருக்கிறார். பிறகு நடந்ததை ஊரே எனக்குச் சொன்னது. வாளியை எடுத்து எறிந்தார் என்றும் சொன்னார்கள், எறியவில்லை, தட்டிவிட்டார் என்றும் சொன்னார்கள். சொன்ன வசனம் மட்டும் எல்லோரும் ஒரேமாதிரிச் சொன்னார்கள்.

"பால் மறவாத குழந்தையும் உங்களைக் கும்பிட வேணுமோ? தண்ணியைத் தாறதெண்டால் தா, இல்லாட்டி வண்டியைக் கொண்டு போ!"

மச்சான்காரர் வண்டியைக் கொண்டுபோய்விட்டார்.

இரவோடிரவாக ரொறன்ரோவில் இருந்து குரல் பதிவு ஒன்று வந்து எல்லோர் தொலைபேசியிலும் சுற்றியது. "நான் இங்கை பனிக்குள்ளை நிண்டு உழைச்ச காசு. வாங்கிக் குடிச்சுப்போட்டு என்ரை மச்சானையே ஏசுறதோ? அந்த மனிசி வீடியோவிலை வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அதுவரைக்கும் வண்டி கோயில் மடத்தடியிலை நிக்கும்." அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. பனிக்குள் உழைத்தது உண்மை, தாயை நினைத்துத் தந்ததும் உண்மை. ஆனால் எங்களுக்கு மேலே ஒரு துரை இல்லாமல் எங்களால் இருக்க முடியாதாக்கும். இருந்த துரைமார் கப்பலேறிப் போனபிறகு, எங்கள் சபை கனடாவில் இருந்த ஒரு சாதாரண வியாபாரியைப் பிடித்துத் துரையாக்கி வைத்தது.

தண்ணீர் இல்லாமல் சில நாட்கள் போயின. அதற்குள் தவிசாளர் சமாதானம் பேசுகிறேன் என்று மடத்தடிக்கும் சறோவின் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு காலை நான் சபைக் கந்தோருக்கு வந்தபோது வாசல் படலையடியில் கரைப் பெண்கள் குடமும் பிளாஸ்டிக் கானுமாக நின்றார்கள். உள்ளே விறாந்தையில் வாங்கு இருந்தது, கதிரைகள் இருந்தன. ஒருவரும் உட்காரவில்லை. அந்தச் சனம் எங்கள் கந்தோரில் ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் அறையில் சறோ நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"மிஸ், அந்த மச்சான்காரரைக் கூப்பிடுங்கோ. படம் எடுக்கட்டும். நான் கும்பிடுறன்."

"என்ன சறோ சொல்லுறியள்?"

"வதனியின்ரை பிள்ளைக்கு வயித்தாலை போய் நிக்குதில்லை. உவர்த்தண்ணியை வடிச்சுக் காய்ச்சிப் பால் கரைச்சிருக்கிறாள், வேறை என்ன செய்வாள்? தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. இனி என்ரை ரோசத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அந்தக் குரலில் சறோவைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, இரத்தம் கொதித்தது. "ஒருத்தரும் கும்பிட வேண்டாம். இந்தக் கதிரையிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தவிசாளரின் அறைக்குப் போனேன்.

தவிசாளர் எனக்கு முன்பே செய்தி அறிந்திருந்தார். "மிஸ், நீங்கள் சொன்னால் சறோ கேப்பா. ஒரு சொல்லுத்தானே. சொன்னால் உடனை வண்டி வரும், பிரச்சினை முடிஞ்சுது. ஏன் இதை இழுப்பான்?"

பிள்ளைகள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் உங்களுக்கு முன்னால் வைக்கப்படுகிற சுகமான வழி எப்போதும் இப்படித்தான் இருக்கும். பலவீனமான ஆள் இன்னும் கொஞ்சம் குனிந்தால் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். அவரும் குனியத் தயாராக வந்து நிற்பார். அதைப் பார்த்து, "அவவே சம்மதிச்சிட்டா" என்று கையைக் கழுவுகிற அதிகாரிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் அதைச் செய்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எவரும் தலை நிமிர்ந்திருக்கமாட்டார்கள்.

நான் அங்கேயே நின்றபடி ஒரு குறிப்பு எழுதினேன். கரையில் குடிதண்ணீர் இல்லை, ஒரு கைக்குழந்தை ஆஸ்பத்திரியில், இன்றே தனியார் பவுசர்களை வாடகைக்கு எடுக்கவேண்டும், அவசர ஒதுக்கீட்டில் இருந்து செலவு. தாளைத் தவிசாளருக்கு முன்னால் வைத்தேன்.

"ஓம் எண்டால் கையொப்பம் வையுங்கோ. வேண்டாம் எண்டால் 'தண்ணீர் தேவையில்லை' எண்டு எழுதி, அதுக்குக் கீழை கையொப்பம் வையுங்கோ. ரெண்டிலை ஒண்டு இல்லாமல் நான் இந்த அறையை விட்டுப் போகன்."

"மிஸ், நீங்கள் என்னை மிரட்டுறியள்."

"ஓம்."

அவர் பேனையைத் திறந்தார், மூடினார், யன்னலால் படலையைப் பார்த்தார். "தண்ணீர் தேவையில்லை" என்ற வாசகத்தைத் தன் கையால் எழுத அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் கையொப்பத்தை வைத்தார். வாயால் மறுப்பது எல்லோருக்கும் சுகம். மறுப்பை எழுத்தில் கேட்டால் பாதிப்பேர் மனிதராகிவிடுவார்கள். என் உத்தியோக காலத்தில் நான் கண்டுபிடித்த ஒரே ஆயுதம் இதுதான், உங்களுக்கு இனாமாகத் தருகிறேன். மதியத்துக்கு முன் கரையில் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றைக்கு ஒருவரும் படம் எடுக்கவில்லை. குழந்தையும் பிறகு தேறி வீட்டுக்கு வந்தது.

அடுத்த கூட்டம் என்னைக் கிழிப்பதற்காகவே கூடியது. வாடகைத் தண்ணீரின் செலவைப் பார்த்துவிட்டு அதிபர் எழும்பினார். ஒரு கொடையாளியின் மனதை நோகப்பண்ணி, வரிப்பணத்தை வரி கட்டாத சனத்துக்கு இறைத்துவிட்டார் செயலாளர் என்றார். நான் தவிசாளரிடம் அனுமதி கேட்டு விளக்கம் சொன்னேன்.

"எங்கடை சபைக்கு வாற குத்தகையளிலை பெரிசு மீன்சந்தைக் குத்தகை. கரையிலை இருந்து வாற ஒவ்வொரு கூடையிலையும் குத்தகைக்காரர் ஒரு பங்கு கழிச்சு, அந்தக் காசைத்தான் சபைக்குக் கட்டுறார். அந்தக் காசிலை தெற்குப் பக்கம் தெருவிளக்கு எரியுது. கரையிலை ஒரு கம்பத்திலையும் விளக்கில்லை. இதுக்கு என்ன பேர் ஐயா? நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள். ஒரு இடத்திலை எடுத்து இன்னொரு இடத்திலை சாப்பிட்டால், எடுத்த இடத்துக்கு என்ன பேர்? குடியேற்ற நாடு எண்டுதானே படிப்பிச்சனீங்கள்?"

அதிபர் நிதானமாகச் சொன்னார். "அது குத்தகை. வரி வேறை, குத்தகை வேறை. செயலாளருக்கு வித்தியாசம் தெரிய வேணும்."

அப்போதுதான் சறோ எழும்பினார். பார்வையாளர் வாங்குகளுக்குப் பின்னால் சுவரோரமாகக் கரைப் பெண்கள் நின்றார்கள். அவர்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சரி ஐயா. அப்ப எங்களுக்கும் சோலைவரி போடுங்கோ."

யாரோ சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். "எதுக்குத் தங்கச்சி, மீன்வாடிக் கொட்டிலுக்கோ?"

"வீட்டுக்கு. கதவு யன்னல் வைச்ச வீடு. வந்து மதியுங்கோ, மதிச்சு என்ன வருதோ அதைப் போடுங்கோ. எங்களுக்கெண்டு குறைக்கவும் வேண்டாம். கனடா அண்ணை தந்தார், பேந்து நிப்பாட்டினார். அவற்றை காசு, அவற்றை விருப்பம், நாங்கள் என்னெண்டு கேக்கிறது? நாங்கள் கட்டினால் அது எங்கடை தண்ணி. வராட்டி வந்து கேப்பம். உங்களையும் கேப்பம், மிஸ்ஸையும் கேப்பம்."

சிரிப்பு நின்றது. சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி "ஓம், போடுங்கோ" என்றாள். பிறகு இன்னொருத்தி. வயிற்றைக் கட்டி வாழ்கிற சனம், தங்களுக்கு வரி போடு என்று ஒரு சபையில் வந்து நின்று கேட்டதை நான் என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? சோலைவரி எல்லையைக் கரைவரை நீட்டுவது என்ற சறோவின் பிரேரணைக்கு எல்லோரும் கை உயர்த்தினார்கள். முதல் கை அதிபருடையது. அதே கூட்டத்தில் நான் மறுபடியும் கொண்டுவந்த, தெற்குப் பக்கத்து வீடுகளைப் புதிதாக மதிக்கிற பிரேரணை, மக்கள் கருத்தை அறிய ஒரு குழு அமைப்பதென்று ஒத்திவைக்கப்பட்டது. பூட்டிக் கிடந்த மாளிகைக்கு வரி கூடவில்லை. இரண்டறை வீட்டுக்கு வரி வந்தது. நான் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் குழு இன்றைக்கும் கருத்தை அறிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இதை வெற்றிக்கதை என்று நினைத்து ஒருவரும் கைதட்டவேண்டாம். வயிறெரிந்துதான் எழுதுகிறேன். அம்புலன்ஸ் படம் அனுப்பிய பிள்ளைக்கும் இதைத்தான் கேட்கிறேன். அந்த வண்டி யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது? நாளைக்கு அதன் சாவி யாருடைய சட்டைப்பைக்குள் இருக்கும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர் முதலில் யாரைக் கும்பிடவேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துகொண்டு மாலையைப் போடுங்கள். தருகிறவரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தந்ததைச் சபையின் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனமிருந்து தருகிறவர் எழுதித் தருவார்.

கரை வரி எல்லைக்குள் வந்தபிறகு "வரி கட்டாத சனம்" என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லாமல் போனது. அந்த வாதம் விழுந்ததும் பவுசர் வாங்கவும் வழி பிறந்தது. சபையின் பெயரில் பதிந்த பவுசர். அதில் எவருடைய தாயின் பெயரும் இல்லை, இலக்கத்தகடு மட்டும்தான்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு காலை, கந்தோர் விறாந்தையில் பெரிய சத்தம் கேட்டது. பவுசர் சாரதி லீவு போட்டுவிட்டார், மாற்றுச் சாரதியை ஒருவரும் ஒழுங்கு செய்யவில்லை, கரைக்குச் சொல்லவும் இல்லை. அறையில் இருந்து எழும்பி வந்தேன். கருமபீட மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் வதனி உட்கார்ந்திருந்தாள். நடக்கப் பழகிய குழந்தை அவளுடைய மடியில் இருந்தபடி மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சதிலை இருந்து வாளியோடை நிக்கிறம். வராதெண்டால் சொல்லுறதுக்கென்ன? வரி கட்டுறதுக்கு மட்டும் எங்கடை வீடு தெரியுதோ?"

புதிதாக வந்திருந்த எழுதுவினைஞர் பாவம், பதறிப்போனார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக் கதையுங்கோ. இது கந்தோர்" என்றார்.

வதனி என்னைக் கண்டாள். எழும்பவில்லை, குரலையும் குறைக்கவில்லை. "மிஸ், தண்ணி எங்கை?" என்று என்னிடமும் அதே சத்தத்தில் கேட்டாள். நன்றி சொன்ன அன்றைக்கு இவளுக்குச் சத்தம் காணாது என்று சொன்னார்கள். இந்த முழுக்கதையிலும் நான் அழுதது அந்த ஒரு இடத்தில்தான்.

எழுதுவினைஞர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவளைக் கண்டிப்பேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"சத்தம் சரியாத்தான் இருக்குத் தம்பி" என்றேன். "நீர் எழும்பிப்போய் மற்றச் சாரதியைக் கூப்பிடும்."